மிஸஸ் விட்டேக்கரை நான் கூப்பிட்ட விதம்

பிப்ரவரி 4, செவ்வாய்

காலேஜில் வண்டி நிறுத்த இடம் தேடி நான்கு சுற்று. ஐந்தாவது சுற்றில் ஒருவன் கார் சாவியை ஆட்டிக்கொண்டு வந்தான். அவன் பின்னாலேயே மெதுவாக ஊர்ந்து போனேன். அவன் கார்களையெல்லாம் தாண்டிப் போய் பஸ் ஏறிவிட்டான். பஸ்ஸில் போகிறவனுக்கு எதற்குக் கார் சாவி? வேண்டுமென்றே செய்தானா?

மனசு இப்படியே ஓடுகிறது என்று சொன்னதால்தான் காலேஜ் கவுன்சிலர் பெண் இந்த நோட்டைப் போடச் சொன்னாள். “ஸ்ட்ரெஸ் வரும்போதெல்லாம் எழுதுங்கள், யாரும் படிக்கமாட்டார்கள்” என்றாள். யாரும் படிக்கமாட்டார்கள் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? அதனால் தமிழில் எழுதுகிறேன்.

நிலவரம் இது. வயது ஐம்பத்தேழு. மில்பிடாஸில் சர்க்யூட் போர்டு செய்கிற கம்பெனியில் பதினாறு வருஷம். பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்து, ஈயம் பற்ற வைத்ததில் குறை கண்டுபிடிக்கும் வேலை. மதியம் மூன்று மணி ஷிஃப்ட். என் கண்ணுக்குத் தப்பிய போர்டு கலிபோர்னியாவிலேயே கிடையாது. (ஒன்று உண்டு. அது விளக்கின் கோளாறு.) ஜூன் மாதம் குவாலிட்டி லீட், அதாவது எங்கள் பிரிவுக்குத் தலைவர், அந்த இடம் காலியாகிறது. அதற்கு அசோசியேட் டிகிரி என்கிற இரண்டு வருஷப் பட்டம் வேண்டுமாம். ஆறு வருஷமாக ஒவ்வொரு வகுப்பாக முடித்து, இப்போது பாக்கி ஒன்றே ஒன்று — அமெரிக்க இலக்கியமும் வரலாறும். செவ்வாயும் வியாழனும் காலை ஒன்பதரை. பாஸானால் நான் லீட். இல்லையென்றால் தினமும் என் காரில் என் பெட்ரோலில் வேலைக்கு வருகிற சேனாபதி லீட். அவன் என்னைவிட இருபது வயது சின்னவன்.

சர்ச்சில் நான் எம்.ஏ. என்று ஒரு பேச்சு இருக்கிறது. நான் கிளப்பியதில்லை. (ஒருமுறை கிளப்பினேன்.)

பிப்ரவரி 6, வியாழன்

வாத்தியார் பெயர் ஹால்வர்சன். “டிம் என்றே கூப்பிடுங்கள்” என்கிறார். பேர் சொல்லிக் கூப்பிடச் சொல்கிற வாத்தியாரை எப்படி நம்புவது? ஏதாவது கேட்டால், “நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?” என்று திருப்பிக் கேட்கிறார். அவருக்குப் பதில் தெரியவில்லை என்று எனக்குப் பலத்த சந்தேகம்.

வருகைப் பதிவில் “மரியா” என்று கூப்பிட்டுவிட்டுப் பெண்கள் பக்கமாகத் தேடினார். கை தூக்கினேன். மரிய அந்தோணி என்பது எங்கள் ஊர்ப் பக்கம் அரச வம்சத்தில் வைக்கிற பெயர் என்று விளக்கினேன். எந்த அரசர் என்று யாரும் கேட்கவில்லை. அப்பா ஹெட்மாஸ்டர் என்றும் சேர்த்துச் சொன்னேன். வகுப்பே எழுந்து நின்றது போல் ஒரு மரியாதை. (எழவில்லை. ஆனால் ஒருவன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.)

பக்கத்து நாற்காலியில் ஒரு கறுப்பினத்து அம்மா. எழுபத்து மூன்று வயது, முப்பத்தோரு வருஷம் சிட்டி பஸ் ஓட்டி ரிட்டையர் ஆனவர். சட்டையில் இஸ்திரி மடிப்பு கத்தி மாதிரி நிற்கிறது. “மிஸஸ் விட்டேக்கர்” என்று கை கொடுத்தார். என்னை “மிஸ்டர் அந்தோணி” என்றார். பாங்கிலிருந்து கடிதம் வந்தது போல் இருந்தது. வயசில் மூத்தவரோடு இப்படிப் பேப்பர் மரியாதையில் பழகினால் நன்றாகவா இருக்கும்? நம் வழக்கப்படி, வாய் நிறைய, “நைஸ் டு மீட் யூ ஆன்ட்டி” என்றேன்.

அவர் பேனா நின்றது. “மிஸஸ் விட்டேக்கர்” என்று மறுபடி சொன்னார். காது கேட்கவில்லை போல.

பிப்ரவரி 11, செவ்வாய்

இன்று என் நாற்காலியின் மேல் அவருடைய பை இருந்தது. “ஆன்ட்டி, பை?” என்றேன். எடுத்தார், ஆனால் முகத்தைப் பார்க்கவில்லை. வகுப்பு முழுக்க நோட்டைக் கையால் மறைத்துக்கொண்டே எழுதினார். காப்பி அடிப்பேன் என்று பயமா? நானா? அவர் என்னுடையதைப் பார்த்து அடிக்காமல் இருந்தால் சரி.

இடைவேளையில் ஞானமணி சுட்ட அச்சு முறுக்கை நீட்டினேன். “எடுங்க ஆன்ட்டி, வொய்ஃப் செஞ்சது.” வேண்டாம், நன்றி என்றார். அச்சு முறுக்கை வேண்டாம் என்ற மனுஷரை நான் இதுவரை பார்த்ததில்லை. ஏதோ இருக்கிறது.

பிப்ரவரி 13, வியாழன்

இரண்டு வரிசை தள்ளிப் போய் உட்கார்ந்துவிட்டார். நானும் மாறி உட்கார்ந்தால் தப்பாகுமா? மாறவில்லை.

பிப்ரவரி 15, சனி

டிம் கொடுத்த கதை. ஒருத்தி பழைய கோட்டைத் தைக்கிறாள். பன்னிரண்டு பக்கம் தைக்கிறாள். கோட் முடியவில்லை, கதை முடிந்துவிட்டது. இரண்டு தடவை படித்தேன், கடைசிப் பக்கம் கிழிந்துபோயிருக்குமோ என்று எண்ணிக்கூடப் பார்த்தேன். மகள் ஜோவானா பதினோராம் வகுப்பு, அவளுக்கும் இந்த வருஷம் இதே அமெரிக்க வரலாறு, இலக்கியம் எல்லாம். கேட்டேன். “அப்பா, இட்ஸ் நாட் அபவுட் த கோட்” என்றாள். பின்னே எதற்கு அதைத் தைக்கிறாள்?

வரலாறு அதற்கு மேல். 1863இல் அடிமைகளுக்கு விடுதலை என்று ஒரு பாடம். அதற்கு ஏறக்குறைய நூறு வருஷம் கழித்து கறுப்பினத்தவர் பஸ்ஸில் முன் சீட்டுக்குப் போராடினார்கள் என்று இன்னொரு பாடம். நடுவில் அந்த நூறு வருஷத்தை யார் சாப்பிட்டது? ஒரே புத்தகத்திலேயே கணக்கு உதைக்கிறது. வியாழக்கிழமை இதைக் கேட்டேன். டிம், “மிக நல்ல கேள்வி, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?” என்றார். சொன்னேனே.

பிப்ரவரி 20, வியாழன்

மொத்த மார்க்கில் நாற்பது சதவீதம் ஒரே வேலைக்கு. இரண்டிரண்டு பேராகச் சேர வேண்டும். ஒருவரை ஒருவர் பேட்டி எடுத்து, அவருடைய வாழ்க்கையைப் புத்தகத்தில் ஒரு பாடத்தோடு பொருத்தி, மே மாதம் வகுப்பின் முன் பத்து நிமிஷம் பேச வேண்டும். தன்னைப் பற்றி இல்லை, ஜோடியைப் பற்றி. தனியாகச் செய்தால் பூஜ்யம். நாற்பது போனால் நான் ஃபெயில். எப்படிக் கூட்டிப் பார்த்தாலும் ஃபெயில்.

டிம் படித்த பட்டியலில் கடைசி ஜோடி: மிஸஸ் விட்டேக்கர், மரியா. கிழடுகளை ஒன்றாகக் கட்டித் தள்ளிவிட்டாரா?

வகுப்பு முடிந்ததும் அவர் டிம்மிடம் நின்று பேசினார். கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். டிம் தலையாட்டினார், பிறகு என் நாற்காலி இருந்த பக்கம் திரும்பினார். என் பக்கம் எதற்கு?

பிப்ரவரி 21, வெள்ளி

நேற்றிலிருந்து யோசிக்கிறேன். ஒன்று — எம்.ஏ. விஷயம் அவர் காதுக்கு எட்டியிருக்கிறது. பஸ் ஓட்டியவர், எல்லாச் சர்ச்சுக்காரர்களும் ஏறியிருப்பார்கள். இல்லையென்றால் என் இங்கிலீஷ் மேல் பொறாமை. அதுவும் இல்லையென்றால் — இவருக்கு நம் ஆட்களையே பிடிக்காதோ?

வேலைக்குப் போகும்போது சேனாபதியிடம் சொன்னேன். “போச்சாது உடுங்ணா, வேற ஜோடி கேளுங்” என்றான். இவன் எதற்கு இவ்வளவு லேசாகச் சொல்கிறான்? லீட் வேலை ஞாபகமோ?

பிப்ரவரி 25, செவ்வாய்

டிம் என்னைத் தனியே கூப்பிட்டார். மிஸஸ் விட்டேக்கர் வேறு ஜோடி கேட்கிறாராம். வேறு யாரும் பாக்கி இல்லையாம். மார்ச் பதினொன்றுக்குள் நாங்கள் இருவரும் பேசி முடிவுக்கு வரவில்லை என்றால் இரண்டு பேருக்கும் அந்த நாற்பது போச்சு. “நான் என்ன செய்தேன் என்று சொன்னாரா?” என்றேன். “அது அவர் சொல்ல வேண்டியது” என்றார்.

பார்க்கிங் வரை ஓடிப் போய்ப் பிடித்தேன். மூச்சு வாங்கியது.

“ஆன்ட்டி, நான் என்ன தப்புப் பண்ணேன்? சொல்லுங்க ஆன்ட்டி.”

அவர் காரின் கதவைத் திறந்தபடி நின்றார். “நான் உங்கள் ஆன்ட்டி இல்லை. முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டினேன், அங்கேயும் யாருக்கும் ஆன்ட்டியாக இருந்ததில்லை. என் பெயரை முதல் நாளே சொன்னேன்.”

கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.   

பிப்ரவரி 26, புதன்

ஞானமணியிடம் சொன்னேன். கேரட் நறுக்கிக்கொண்டே ஒரு நிமிஷத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

“ஏங்க, வயசைச் சொன்னா எந்தப் பொம்பளைக்குப் பொறுக்கும்? போன கிறிஸ்மஸுக்கு அந்த நாகரத்தினம் பொண்டாட்டி என்னைய ஆன்ட்டின்னுச்சு. அவளுக்கும் எனக்கும் நாலு வயசு வித்தியாசம். இன்னைக்கி வரைக்கும் அவகூட நான் பேசல. அக்கான்னு கூப்பிட்டுப் பாருங்க.”

அட. இவ்வளவுதானா. தலைமுடிக்கு மை பூசியிருக்கிறார் என்பதைக்கூட நான் கவனித்திருந்தேன், பொருத்திப் பார்க்கத் தோன்றவில்லை. அக்காவுக்கு இங்கிலீஷில் சிஸ்டர்.

பிப்ரவரி 27, வியாழன்

“குட் மார்னிங் சிஸ்டர்” என்றேன். கண்ணை மூடித் திறந்தார். அவ்வளவுதான்.

மார்ச் 4, செவ்வாய்

வகுப்பில் கட்டுரை திருப்பித் தந்தார்கள். என்னுடையதில் டிம் சிவப்பு மையில், “இது உங்கள் கருத்தா?” என்று எழுதியிருக்கிறார். பின்னே யாருடையது? இரண்டு பத்தி ஜோவானாவுடையதுதான். அது அவருக்கு எப்படித் தெரிந்தது?

இன்னும் ஒரு வாரம்.

மார்ச் 8, சனி

ஒன்பதாம் பாடம் படிக்க உட்கார்ந்தேன். அடிமையாகப் பிறந்து விடுதலையான கிழவர் ஒருவர் தொண்ணூறு வயதில் சொன்னதை யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள். அகராதி வைத்துக்கொண்டு மெதுவாகப் படித்தேன். தலை நரைக்கிறவரை தன்னைப் ‘பாய்’ என்றுதான் கூப்பிட்டார்களாம், பொடியன் என்பது போல. நரைத்த பிறகு ‘அங்கிள்’. ‘மிஸ்டர்’ என்று ஒரு வெள்ளைக்காரர் வாயால் கேட்டதே இல்லையாம்.

கீழே சின்ன எழுத்தில் குறிப்பு. வயதான கறுப்பினத்து ஆண்களுக்கு மிஸ்டர், பெண்களுக்கு மிஸஸ் போட மனமில்லாமல், அங்கிள், ஆன்ட்டி என்று கூப்பிடுவது அந்தக் காலத்தில் வழக்கமாம். விடுதலைக்குப் பிறகும் பல காலம். அன்பு மாதிரி இருக்கும், ஆனால் பெயரையும் மரியாதையையும் சேர்த்துப் பிடுங்கிக்கொள்கிற வேலை.

முதலில் புத்தகத்தின் மேல்தான் சந்தேகம் வந்தது. ஜோவானாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“யா, தட்ஸ் ட்ரூ. வொய்?”

“ஒரு அம்மாவ நான் ஆன்ட்டின்னு கூப்பிட்டேன்.”

“வாட் அம்மா? அப்பா... இஸ் ஷி பிளாக்?”

“ஆமா.”

“ஓ மை காட். ஹவ் மெனி டைம்ஸ்?”

எண்ணிப் பார்த்தேன். “முறுக்குக் குடுத்தப்ப ஒண்ணு. பார்க்கிங்ல ரெண்டு...”

“யூ கேவ் ஹெர் முறுக்கு?”

அவள் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. போர்டில் குறை கண்டுபிடிக்கத் தினமும் பூதக்கண்ணாடி பிடிக்கிறேன். ஒரு மாதமாக அவருக்குள்ளே குறை தேடிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

இன்றைக்கு இந்த நாட்டில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கிற நாள். என்னைக் கேட்காமல் ஒரு மணி நேரத்தை எடுத்துக்கொண்டார்கள், எங்கே வைத்திருக்கிறார்களோ. பூசைக்குப் பிந்திப் போனோம். தவக்காலத்தின் முதல் ஞாயிறு. பிரசங்கம் மண்டையில் ஏறவில்லை.

இதை இதுவரை எங்கும் எழுதியதில்லை. அப்பா ஹெட்மாஸ்டர் இல்லை. ஹெட்மாஸ்டர் அறைக்கு வெளியே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பியூன். முப்பத்து நான்கு வருஷம் மணி அடித்தார். எங்கள் ஊரில் எல்லாருக்கும் ஒரு முறை உண்டு. மளிகைக் கடைக்காரர் அண்ணாச்சி, பஸ் கண்டக்டர் அண்ணாச்சி, சைக்கிளுக்குக் காற்று அடிக்கிறவர்கூட அண்ணாச்சி. அப்பா மட்டும் ‘சவரி’. ஆறாம் வகுப்புப் பையன் சொல்வான், “ஏலே சவரி, தண்ணி கொண்டா” என்று. நான் அதே வகுப்பில் அடுத்த பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். அப்பா தண்ணீர் கொண்டு வருவார். என் பக்கம் பார்க்கமாட்டார். நானும் பார்க்கமாட்டேன். பெரிய வீட்டுப் பிள்ளைகள், எங்கள் தெருப் பிள்ளைகள் இல்லை.

அப்பாவை ஹெட்மாஸ்டர் ஆக்கினால் அந்தத் தண்ணீர் டம்ளர் மறைந்துவிடும் என்று நினைத்தேனா? தெரியவில்லை. என் வாயில் முப்பது வருஷமாக அவர் ஹெட்மாஸ்டர்.

மார்ச் 11, செவ்வாய்

எட்டே முக்காலுக்கே போய்விட்டேன். அவர் வகுப்புக்கு வெளியே பெஞ்சில் தெர்மாஸிலிருந்து காபி ஊற்றிக்கொண்டிருந்தார். ஒரு சொற்பொழிவு தயார் செய்து வைத்திருந்தேன். காரில் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தது. மூன்று நிமிஷம், நடுவில் உலக சமாதானம்கூட வரும். அவர் முன்னால் நின்றதும் ஒரு வரிதான் வந்தது.

“மிஸஸ் விட்டேக்கர், அந்த வார்த்தைக்கு இங்கே என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது. மன்னிக்க வேண்டும்.”

அவர் உடனே நம்பவில்லை. கண்ணை இடுக்கிப் பார்த்தார். “யார் சொல்லிக் கொடுத்தது? டிம்மா?”

“புத்தகம். ஒன்பதாம் பாடம். கீழே சின்ன எழுத்து.”

“சின்ன எழுத்தெல்லாம் படிப்பீர்களா?”

“என் வேலையே அதுதான்.”

அப்போது கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். நான் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தேன். டெக்ஸாஸில் அவருடைய அம்மா ஒரு வீட்டில் இருபத்தாறு வருஷம் சமையல் வேலை செய்தாராம். அந்த வீட்டில் எட்டு வயதுக் குழந்தை அம்மாவை ‘ஆன்ட்டி ரூத்’ என்று கூப்பிடுமாம். அம்மா அந்தக் குழந்தையை ‘மிஸ்’ போட்டுக் கூப்பிட வேண்டுமாம். அம்மா இறந்தபோது அந்த வீட்டார் பெரிய மலர்வளையம் அனுப்பினார்கள். அதில் இருந்த அட்டையிலும் ‘ஆன்ட்டி ரூத்’. “இருபத்தாறு வருஷம். எங்கள் குடும்பப் பெயர் என்ன என்று அவர்களுக்குத் தெரியாது. அட்டையைக் கிழித்தேன். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது.”

 

“உங்கள் பக்கத்தில் அது மரியாதையா?” என்று கேட்டார்.

“ஆமாம். மூத்தவர்களைப் பேர் சொல்லமாட்டோம். யாராக இருந்தாலும் ஒரு உறவு வைத்துத்தான் கூப்பிடுவோம்.”

“யாராக இருந்தாலுமா?”

ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். இவர் விடமாட்டார், பஸ்ஸில் ஓசிப் பயணம் செய்கிறவனைப் பார்க்கிற பார்வை அது.

“இல்லை. எல்லாரையும் இல்லை” என்றேன். பிறகு அப்பாவைச் சொன்னேன். ஸ்டூல், மணி, தண்ணீர், சவரி. ஹெட்மாஸ்டர் என்று நான் முதல் நாள் வகுப்பில் விட்டதையும் சொன்னேன்.

அவர் காபியை முடித்து மூடியைத் திருகினார். பையிலிருந்து நோட்டை எடுத்தார். கையால் மறைக்கவில்லை.

“முப்பத்து நான்கு வருஷம் என்றீர்கள். எந்த வருஷத்திலிருந்து?”

பேட்டி தொடங்கிவிட்டது என்று அப்புறம்தான் புரிந்தது.

ஏப்ரல் 3, வியாழன்

லைப்ரரியில் மூன்றாவது பேட்டி. கடலில் புயலில் மாட்டிய கதையை எடுத்துவிட்டேன், எல்லாரும் வாய் பிளந்து கேட்கிற கதை. அவர் எழுதாமல் பேனாவை வைத்துவிட்டார்.

“இதில் எவ்வளவு நிஜம், மிஸ்டர் அந்தோணி?”

“பாதி.”

“எந்தப் பாதி?”

“கடல்.”

சத்தமாகச் சிரித்தார். லைப்ரரிக்காரர் வந்து உஸ் என்றார். எழுபத்து மூன்று வயதில் இதுதான் முதல் தடவையாம், லைப்ரரியில் திட்டு வாங்குவது.

ஏப்ரல் 24, வியாழன்

ஈஸ்டர் லீவு முடிந்து வகுப்பு. என் பேச்சை எழுதி முடித்துவிட்டேன். அவர் என்ன எழுதியிருக்கிறார் என்று காட்டச் சொன்னேன். “உங்களுடையதை நான் கேட்டேனா?” என்று நோட்டை மூடிவிட்டார்.

பியூன் விஷயத்தைச் சொல்லிவிடுவாரோ? அந்த வகுப்பில் எங்கள் பங்கைச் சேர்ந்த ஷைனா இருக்கிறாள். அவள் அம்மாவுக்குத் தெரிந்தால் அந்த ஞாயிறே சர்ச் முழுக்க. ஹெட்மாஸ்டர் மகன் எம்.ஏ. — எல்லாம் ஒரே பத்து நிமிஷத்தில் காலி. நானே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேனா? அவர் ஒரு மாதம் கோபமாக இருந்தவர். இது பழி வாங்க நல்ல வாய்ப்பு. இப்படி நினைப்பது தப்பு என்று தெரிகிறது. நினைப்பு நிற்கவில்லை.

மே 1, வியாழன்

சொல்ல வேண்டாம் என்று கேட்கலாமா? கேட்டால் கேட்பார். கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று தெரியவில்லை.

மே 6, செவ்வாய்

நான் முதலில். அவருடைய அம்மா மிஸஸ் ரூத் டெய்லர் பற்றி ஆரம்பித்து, பஸ் ஓட்டியதில் முடித்தேன். ஒரு மழை நாளில் பிரேக் பிடிக்காத பஸ்ஸை அவர் நிறுத்தியபோது உள்ளே பயணிகள் முப்பது பேர் என்று சேர்த்தேன். “ஏழு” என்று அவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே திருத்தினார். வகுப்பு சிரித்தது. பதினான்கு நிமிஷம் ஓடிவிட்டது, டிம் கையைக் காட்டி நிறுத்தினார்.

அடுத்து அவர். தாளைப் பார்க்காமலே பேசினார்.

“மிஸ்டர் அந்தோணியின் தந்தை மிஸ்டர் சவரிமுத்து. இந்தியாவின் தென்கோடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பத்து நான்கு வருஷம் பியூனாக இருந்தார். அந்தப் பள்ளியில் ஒவ்வொரு பாடமும் அவர் மணி அடித்துத்தான் தொடங்கியது. அங்கே இருந்த சிறுவர்கள் அவரை என்னவென்று கூப்பிட்டார்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. என் அம்மாவை என்னவென்று கூப்பிட்டார்கள் என்று நீங்கள் இப்போதுதான் கேட்டீர்கள்.”

அதற்குப் பிறகு அவர் சொன்னது சரியாகக் காதில் விழவில்லை. மிஸ்டர் சவரிமுத்து. அந்தப் பெயருக்கு முன்னால் அப்படி ஒன்று சேர்ந்து நான் கேட்டதே இல்லை. கல்லறையில்கூட வெறும் பெயர்தான் வெட்டினோம், எழுத்துக்கு இவ்வளவு என்று கேட்டார்கள்.

பெருமையாக இருந்தது. ஷைனா இருக்கிறாளா என்று பார்க்க மறந்துபோனேன். (இருந்தாள். போகும்போது, “தாத்தா பத்தி நல்லா இருந்துச்சு அங்கிள்” என்றாள்.)

மே 11, ஞாயிறு

எதிர்பார்த்தபடியே சர்ச் வாசலில் மடக்கினார்கள். ஷைனாவின் அம்மா ஜெபமாலையை உருட்டிக்கொண்டே, “அண்ணன், அப்பா ஸ்கூல்ல மணியடிச்சவங்களாமே?” என்றாள். ஞானமணி என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கும் நான் ஹெட்மாஸ்டர் மகன்தான்.

“ஆமா. முப்பத்து நாலு வருஷம்” என்றேன். “ஒரு நாளும் ஒரு நிமிஷம் பிந்தினதில்ல.”

இது பெரிதாக்கியது இல்லை. நிஜம்.

 வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது ஞானமணி, “ஏன் எங்கிட்ட சொல்லல?” என்றாள். பதில் சொல்லி முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. சாதம் குழைந்துவிட்டது.

மே 30, வெள்ளி

பி மைனஸ், பாஸ்தான். மைனஸ் எதற்கு என்று டிம்முக்கு மெயில் போட்டேன். “நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?” என்று பதில் வந்தது. அந்த மனுஷர் மேல் எனக்கு இன்னும் சந்தேகம்தான். மிஸஸ் விட்டேக்கருக்கு ஏ.

மேனேஜரிடம் மார்க்கைக் காட்டினேன். “குட்” என்றார். ஒரே ஒரு ‘குட்’. என்ன அர்த்தம்?

ஜூன் 24, செவ்வாய்

லீட் ஆகி எட்டு நாள். சேனாபதி இன்னும் என் காரில்தான் வருகிறான், “பாஸுங்ணா, ஏசியக் கொஞ்சம் கூட்டுங்” என்கிறான்.

இன்று லீவு. மிஸஸ் விட்டேக்கருக்குக் கண்புரை ஆபரேஷன். மகன் டெக்ஸாஸில். கூட ஒருவர் வந்து அழைத்துப் போனால்தான் ஆபரேஷன் செய்வார்களாம். போன வாரம் போன் செய்து, “மிஸ்டர் அந்தோணி, உங்கள் கார் ஓட்டும் திறமை பற்றி நீங்கள் சொன்னதில் எவ்வளவு நிஜம்?” என்று கேட்டார். முக்கால் என்றேன். சரி, வாருங்கள் என்றார். வழி முழுக்கப் பக்கத்து சீட்டில் இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டே வந்தார்.

கிளினிக்கில் ஒரு ஃபாரம் கொடுத்தார்கள். கூட வந்தவர் பெயர், போன் நம்பர் எழுதினேன். அடுத்த கட்டத்தில் நோயாளிக்கு என்ன உறவு என்று கேட்டிருந்தது. பேனா அங்கேயே நின்றது. மேஜைக்குப் பின்னால் இருந்த பெண்ணின் சட்டையில் ரோஷினி என்று பெயர். என்னைப் பார்த்ததுமே தமிழுக்கு மாறிவிட்டாள்.

“அங்கிள், அந்த பாக்ஸ் ஃபில் பண்ணணும். அவங்க உங்களுக்கு என்ன வேணும்?”

அம்மா முறை, அக்கா முறை, பெரியம்மா முறை, எல்லாம் வரிசையாக மனசில் வந்து நின்றன. எதுவும் அந்தக் கட்டத்துக்குள் போகவில்லை. மிஸஸ் விட்டேக்கருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் நான் எங்கே மாட்டியிருக்கிறேன் என்று தெரிந்துவிட்டது. ஃபாரத்தை எட்டிப் பார்த்து, “கிளாஸ்மேட்” என்றார்.

எழுதிக் கொடுத்தேன். ரோஷினி படித்தாள். என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மறுபடி ஃபாரத்தைப் பார்த்தாள்.

“ஐயோ அங்கிள், விளையாடாதீங்க. நிஜமா சொல்லுங்க.”

என் வாழ்க்கையில் நான் விட்ட கதைகளையெல்லாம் நம்பினார்கள். இதை இவள் நம்பவில்லை. பர்ஸைத் திறந்து காலேஜ் ஐடி கார்டை எடுத்து மேஜை மேல் வைத்தேன். மிஸஸ் விட்டேக்கரும் கைப்பையைத் துழாவித் தன்னுடையதை எடுத்து, அதன் பக்கத்தில் நேராக வைத்தார்.